தரையின் தன்மையும் குதிரையின் ஓட்டமும்: கிண்டிப் பந்தயத்தில் எடை நிர்ணயம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் கொட்டித் தீர்க்கும் மழை கிண்டியிலும் அவ்வாறே கொட்டியிருக்க வேண்டும் என்று எந்த இயற்கை நியதியும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் கடலிலிருந்து பட்டை பட்டையாக ஏறி வருகின்றன. ஒரு பட்டை செங்குன்றத்தையும் கொரட்டூர் ஏரியையும் நிரப்பிவிட்டுப் போகிற அதே இரவில், தெற்கே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்து மழைமானியில் நாலைந்து மில்லிமீட்டரே சேர்ந்திருக்கக் கூடும். மறுவாரம் இதுவே தலைகீழாக நிகழவும் கூடும். ஆயினும் மேற்குப் புறநகரிலிருந்து பந்தயத்துக்குச் செல்லும் மனிதர், ஆவடியில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்துக் கிண்டிக்குப் போகிறவராயினும் சரி, பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகப் பஸ்ஸில் கத்திப்பாரா வந்து இறங்குகிறவராயினும் சரி, தம் வீட்டு வாசலில் மிதித்த சேற்றையே பிரமாணமாகக் கொண்டு, “தரை கனமா இருக்கும் அண்ணே, கடைசியிலேருந்து வர்ற குதிரையைப் பாத்துக்குங்க” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு அநுமானங்கள் அடங்கியிருக்கின்றன: பந்தயத் தரையின் நிலை தமக்குத் தெரியும் என்பது ஒன்று, ஈரத்தரையில் பின்னோடிக் குதிரையே வெல்லும் என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் பிழை. இரண்டாவது பாதி உண்மை; பாதி உண்மையை நம்பிப் பணம் வைப்பது முழுப் பொய்யை நம்பி வைப்பதைவிட அபாயகரமானது.

கிண்டிக்கும் மேற்குப் புறநகருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கிண்டியில் பந்தயத்திடல் அமைந்தது 1777ஆம் ஆண்டில் என்று சொல்லப்படுகிறது. பரங்கிமலையில் பீரங்கிப் படையின் பாளையமும், பூந்தமல்லியில் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் தங்கும் பாளையமும் இருந்த காலத்தில், அவ்விரண்டையும் இணைத்த மௌண்ட்-பூந்தமல்லிச் சாலையே அதிகாரிகளின் குதிரைகள் நடந்த சாலை. தமிழகத்து மண்ணும் சீதோஷ்ணமும் உயர்ந்த ஜாதிக் குதிரைகளுக்கு இசைந்தவையல்ல. புகார்த் துறையில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை காலத்திலிருந்தே அறிவோம். கம்பெனியார் காலத்தில் அரபுக் குதிரைகளும், பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘வேலர்’ என்று பெயர் பெற்ற குதிரைகளும் சென்னைத் துறையில் இறங்கின. மதராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1960களில், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, மாதச் சம்பளம் வாங்கும் பெரியதொரு தொழிலாளர் சமூகம் அங்கே உருவாயிற்று. கிண்டியின் மலிவு கேலரிகளை நிரப்பியவர்களில் அவர்களும் உண்டு. இக்கட்டுரை அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

பந்தயங்களில் பெரும்பாலானவை ‘ஹாண்டிகேப்’ எனப்படும் எடைச்சமன் பந்தயங்கள். வலிய குதிரைக்கு அதிக எடையும் மெலிந்ததற்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளும் கோட்டில் ஒன்றாக வந்து சேரும்படி செய்ய வேண்டும் என்பதே அதன் லட்சியம். இதை ஒரு சாஸ்திரமாக நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் அட்மிரல் ரௌஸ். கடற்படையை விட்டுப் பந்தயத்துக்கு வந்த அவர், 1855இல் ஜாக்கி கிளப்பின் பொது ஹாண்டிகேப்பராகி, 1877இல் இறக்கும்வரை அப்பணியைச் செய்தார். வயதுக்கேற்ற எடை அட்டவணைக்கு இன்றும் அவரே மூலபுருஷர். நம் நாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு. 20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ள குதிரைகளுக்கான பந்தயம் என்றால், உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள 25 புள்ளிகள் பன்னிரண்டரைக் கிலோவாக முதுகில் ஏறும். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்பார். எடை குறைந்தால் ஈயத்தகடுகள் சேணப்பையில் செருகப்படும். ஓட்டம் முடிந்தபின்னும் அவர் திரும்பத் தராசில் ஏற வேண்டும்.

அரைக் கிலோ என்பது, குதிரையும் ஆளும் சேர்ந்த ஏறத்தாழ 550 கிலோ எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு நுட்பமான தராசு அது. ஆனால் அந்தத் தராசில் ஏறாத வஸ்துக்கள் இரண்டு: தரை ஒன்று, ஓட்டத்தின் போக்கு மற்றொன்று. ஹாண்டிகேப்பர் ஒரு குதிரை சென்ற மாதம் எத்தனை நீளத்தில் தோற்றது என்பதைப் பார்த்து ரேட்டிங்கை ஏற்றியோ இறக்கியோ விடலாம். வரப்போகும் சனிக்கிழமை தரை இளகியிருக்குமா இறுகியிருக்குமா என்பதற்காக எடையை மாற்ற முடியாது. ஆதலால், இறுகிய தரையில் கால் வலித்து மூன்று முறை பின்தங்கிய ஒரு குதிரை ஆறு புள்ளி இழந்து, மூன்று கிலோ இலகுவாகி, மழை பெய்த மறுநாள் தனக்கிசைந்த தரைக்கு வந்து நிற்குமாயின், அதன் ரேட்டிங் பொய் சொல்கிறது என்றே கொள்ள வேண்டும். ஹாண்டிகேப்பர் அதில் குற்றவாளியல்லர்; அவருடைய விதிகள் அவரைக் கட்டிப்போட்டிருக்கின்றன. பந்தயத்தைப் படிக்கிறவனுக்கு ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் உண்டென்றால், அது இந்த இடைவெளியே.

தரையை முதலில் எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் திடலில் நடந்துபோய்க் கைத்தடியை ஊன்றிப் பார்த்து ‘நல்லது’, ‘இளக்கம்’, ‘கனம்’ என்று சொல்வார்கள். தடியும் கையும் மனிதருக்கு மனிதர் வேறு. இப்போது அதற்குப் ‘பெனிட்ரோமீட்டர்’ என்னும் கருவி இருக்கிறது. அதன் அமைப்பு எளியது: முனை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் உலோகத் தண்டு, அதன்மேல் ஒரு கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வழுகி விழும், முனை புல்லைத் துளைத்துக்கொண்டு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலில் பார்ப்பார்கள். திடலைச் சுற்றிப் பல இடங்களில் இவ்வாறு குத்திப் பார்த்துச் சராசரியை அறிவிப்பார்கள். எண் ஏறினால் தரை இளகியது, இறங்கினால் இறுகியது. பிரான்ஸில் மூன்றை ஒட்டிய அளவை நல்ல தரை என்றும், நான்குக்கு மேற்பட்டதைக் கனத்த தரை என்றும் கொள்வது வழக்கம். ஆனால் பாரிஸின் மூன்றும் கிண்டியின் மூன்றும் ஒன்றல்ல; மண் வேறு, புல் வேறு, அடியில் இருக்கும் வடிகால் வேறு. ஒரு திடலின் எண்ணை அதே திடலின் முந்தைய எண்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

சராசரி என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் உண்டு. உள்வேலியை ஒட்டிய ஓரம், எல்லாக் குதிரைகளும் நெருக்கியடித்து ஓடும் பாதையாதலால், ஒரு நாளில் ஏழெட்டுப் பந்தயங்கள் நடந்தபின் கிளறப்பட்டுக் கிடக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் திடல் ஆட்கள் வரிசையாக நடந்து, பெயர்ந்த புற்கரணைகளைக் காலால் மிதித்துப் பள்ளத்தில் பொருத்துவதைக் காணலாம். மிதித்து வைத்த கரணை வேர் பிடிக்கச் சில நாட்களாகும். அடுத்த பந்தயத்துக்கு அரை மணி நேரமே இருக்கிறது. ஆகவே மதியம் முதல் பந்தயத்தில் உள்வேலிக்கு அருகில் ஓடியது லாபமாயிருந்த திடல், மாலைக் கடைசிப் பந்தயத்தில் அதையே நஷ்டமாக்கிவிடலாம். காலையில் எடுத்த அளவு மாலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கூர்ந்து பார்க்கும் ரசிகர் முதல் இரண்டு பந்தயங்களில் பணம் வைக்காமல், நேரோட்டத்தில் ஜாக்கிகள் எந்தப் பாதையைத் தேடி ஒதுங்குகிறார்கள் என்பதையே கவனித்திருப்பார். அனுபவமுள்ள ஜாக்கிகள் நால்வர் தாமாகவே வெளிப்பக்கம் விலகினால், அந்தச் செய்தி பெனிட்ரோமீட்டரைவிடப் புதியது.

இவ்விடத்தில் போலிவேலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இதைப் போல அசட்டை செய்யப்படும் விஷயம் வேறில்லை. புல்லைப் பாதுகாப்பதற்காக உள்வேலியிலிருந்து சில மீட்டர் தள்ளி ஒரு தற்காலிக வேலியை இடுவார்கள். பத்திரிகையிலும் அது ஒரு வரியில் அச்சாகும். வளைவை அரைவட்டமாகக் கொண்டால், ஆறு மீட்டர் தள்ளி இடப்பட்ட வேலி அந்த வளைவின் நீளத்தை ஆறு பெருக்கல் 3.14, அதாவது ஏறத்தாழ 19 மீட்டர், கூட்டுகிறது. விநாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடும் குதிரைக்கு அது ஒரு விநாடிக்கு மேல். ஏழெட்டுக் குதிரை நீளம். புறப்படும் இடத்தை அதற்கேற்ப மாற்றவில்லையென்றால், சென்ற வாரத்து நேரத்தையும் இந்த வாரத்து நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘இந்தக் குதிரை மந்தமாகிவிட்டது’ என்று சொல்வது அநியாயம். குதிரை மந்தமாகவில்லை, பாதை நீண்டிருக்கிறது. அதே கணக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. அரைவட்ட வளைவில் உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாக வெளியே ஓடும் குதிரை 3.14 மீட்டர் அதிகம் ஓடுகிறது. ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர். ஒரு மைல் பந்தயத்தில் ஒரு நீளத்துக்கு இரண்டு பவுண்டு என்பது இங்கிலாந்துக் கணக்கு. ஆக, ஒரு மீட்டர் வெளியே ஓடியதன் விலை ஒரு கிலோவுக்கு மேல்; நம் கணக்கில் இரண்டு புள்ளிக்கு மேல். ஹாண்டிகேப்பர் அரைக் கிலோவுக்கு மயிரிழை பிளந்து எடை போட்ட குதிரை, வளைவில் இரண்டாவது மூன்றாவது வரிசையில் மாட்டிக்கொண்டால் அவர் அளித்த சலுகை முழுவதும் அங்கேயே கரைந்துபோகிறது.

அடுத்து ஓட்டத்தின் போக்கு. குதிரைகளில் கதவு திறந்ததும் முன்னேறிப் பிறர் முகத்தைப் பார்க்காமல் ஓட விரும்புபவை சில; முதல் ஓட்டக்காரனுக்குப் பின்னால் இரண்டு மூன்று நீளத்தில் தொற்றிக்கொண்டு வருபவை சில; கூட்டத்தின் பின்னே அடங்கியிருந்து கடைசி 400 மீட்டரில் பாய்பவை சில. இது பயிற்சியால் ஓரளவு மாறும். சுபாவத்தால் பெரும்பாலும் நிலைத்திருக்கும். அமெரிக்காவில் வில்லியம் குவிரின் 1979இல் வெளியிட்ட நூலில், குதிரையின் சமீபத்திய ஓட்டங்களில் ஆரம்பக் கட்டத்தில் அது எந்த ஸ்தானத்தில் இருந்தது என்பதைக் கொண்டு பூஜ்யத்திலிருந்து எட்டுவரை மதிப்பெண் இடும் முறையைக் காட்டினார். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எல்லாக் குதிரைகளுக்கும் இம்மதிப்பை இட்டுப் பார்த்தால், பந்தயம் எந்த உருவத்தில் நடக்கும் என்பது முன்கூட்டியே ஒருவாறு விளங்கும். முன்னோடிச் சுபாவமுள்ள குதிரை ஒன்றே ஒன்று இருந்தால், அதன் ஜாக்கி வேகத்தைத் தானே வகுத்து, மெல்ல ஓட்டி, மூச்சை மிச்சம் பிடித்து, கடைசியில் செலவிடலாம். அத்தகைய குதிரைகள் மூன்று இருந்தால், மூன்றும் ஒன்றையொன்று எரித்துக்கொண்டு வளைவிலேயே சாம்பலாகும். பின்னாலிருந்து வருவது வெல்லும். ஒரே குதிரை, ஒரே எடை, ஒரே தரை. எதிரிகளின் சுபாவம் மாறியதும் அதன் வாய்ப்பு மாறிவிட்டது. ரேட்டிங்கில் இதற்கு இடமில்லை.

முன்னே ஓடுவதா, பின்னே ஓடுவதா என்பதைப் பற்றி நெடுங்காலம் அநுபவஸ்தர்களின் பேச்சாக இருந்ததை அளந்து நிறுவிய ஓர் ஆராய்ச்சி 2012இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. 3,357 பந்தயங்களில் ஓடிய 44,803 குதிரைகளின் இருப்பிடத்தையும் வேகத்தையும் விநாடிக்கு ஒருமுறை ரேடியோ சாதனத்தால் பதிவுசெய்து ஆராய்ந்த அதன் ஆசிரியர்கள், முன்னே செல்லும் குதிரையின் காற்று மறைவில் ஓடுவது முடிவையே பாதிக்குமளவு அநுகூலமானது என்று கண்டார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. விநாடிக்கு 16, 17 மீட்டர் வேகத்தில் அது அற்பமன்று. ஆக, முன்னே ஓடுகிறவன் பாதையைத் தேர்ந்துகொள்ளும் உரிமைக்குக் காற்றை முதலில் பிளக்கும் செலவை விலையாகக் கொடுக்கிறான்; பின்னே வருகிறவன் மறைவுக்கு விலையாக வழி அடைபடும் அபாயத்தை ஏற்கிறான். எந்த விலை மலிவு என்பது தூரத்தையும் வேகத்தையும் பொறுத்தது.

இப்போது ஆவடி மனிதரின் இரண்டாவது அநுமானத்துக்குத் திரும்பலாம். மழை பெய்தால் பின்னோடிதான் வெல்லுமா? மழையில் இரண்டு விதம் உண்டென்பதை முதலில் காண வேண்டும். இறுகிய தரைமேல் சிறு தூறல் விழுந்தால், அடி உறுதியாகவே இருக்க, மேற்புறம் மட்டும் வழுக்கலாகிறது. அங்கே வேகம் அதிகம் குறைவதில்லை. ஆனால் வளைவில் கால் ஊன்ற நம்பிக்கை வேண்டும். முன்னே ஓடும் குதிரைக்குச் சுத்தமான தரை. பின்னே வருபவற்றின் முகத்திலும் ஜாக்கியின் கண்ணாடியிலும் மண்ணும் புல்லும் தெறித்து விழும். இதனைச் சகிக்காத குதிரை தலையை உயர்த்தி ஓட்டத்தை விட்டுவிடும். இத்தரை முன்னோடிக்கு அநுகூலம். இரண்டு நாள் அடைமழையில் நனைந்து அடிவரை இளகிய தரையோ வேறு விவகாரம். பாய்ச்சல் ஓட்டத்தில் முன்னங்கால் ஒன்று தரையில் பதியும் உச்சகணத்தில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமையைத் தாங்குகிறது. அந்தச் சுமையில் குளம்பு ஆழ இறங்கினால், திரும்ப எடுப்பதற்குச் செலவாகும் சக்தி ஒவ்வோர் அடியிலும் நஷ்டம். பாய்ச்சலில் குதிரை அடிக்கு ஒரு மூச்சாகவே மூச்சு விடுகிறது. அடி மந்தமானால் மூச்சின் கதியும் மாறுகிறது. இங்கே முன்னோடி சீக்கிரம் களைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பின்னோடியின் ஆயுதம் என்ன? திடீரென வேகத்தைக் கூட்டும் சாமர்த்தியம். இளகிய தரை முதலில் பறிப்பது அதைத்தான். உந்தித் தள்ள உறுதியான நிலம் இல்லாமல் பாய்ச்சல் எங்கிருந்து வரும்? ஆகவே ஆழ்ந்த ஈரத்தரையில், முன்னோடி களைக்கவும், பின்னோடி பாய முடியாமல் தவிக்கவும், நடுவில் சீராக ஓடி, தூரத்தைத் தாங்கும் வலுவுள்ள குதிரை மெல்ல மெல்ல முன்னேறி வெல்வதே அடிக்கடி காணப்படும் காட்சி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அத்தரையில் எடை அதிகமாக உறைக்கிறது என்பது பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கருத்து. உறுதியான நிலத்தில் 60 கிலோவோடு தப்பித்த குதிரை, சேற்றில் அதே எடையோடு தப்பிப்பதில்லை.

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கிண்டியின் பிரதானப் பருவம் அம்மழைக் காலத்தின் பிற்பகுதியில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நடந்து வந்தது. அதாவது, ஒரே பருவத்துக்குள் தரை இளக்கத்திலிருந்து இறுக்கத்துக்கு மாறுகிறது. நவம்பரில் வென்ற குதிரையின் ரேட்டிங் ஏறுகிறது. பிப்ரவரியில் அது வேறொரு நிலத்தில், கூடுதல் எடையோடு ஓடுகிறது. மார்கழிக்கு முன் பெற்ற வெற்றியையும் மாசியில் அடைந்த தோல்வியையும் ஒரே தராசில் போடுவது தகாது. கோடையில் பந்தயம் உதகைக்குப் போய்வந்த காலத்தில் சிக்கல் இன்னும் வளர்ந்தது: கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எதிர்ப்பு குறைகிறது, பிராணவாயுவும் குறைகிறது. கிண்டியில் முன்னே ஓடி வென்றது உதகையில் கடைசி 200 மீட்டரில் மூச்சுக்குத் தவித்ததுண்டு. எடை மட்டும் அதே கிலோதான்.

நேரத்தைக் கொண்டு குதிரையை மதிப்பிடுகிறவர்கள் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். இங்கிலாந்தில் கணித ஆசிரியராயிருந்த பில் புல் 1948இல் ‘டைம்ஃபார்ம்’ ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் 1975இல் எழுதிய நூல் அம்முறையைப் பாமரருக்கும் எட்டச் செய்தது. சாரம் இது: அன்றைய எல்லாப் பந்தயங்களின் நேரத்தையும் அந்தந்த வகுப்புக்குரிய வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டால், அன்றைய தரை மொத்தத்தில் எவ்வளவு மந்தம், எவ்வளவு துரிதம் என்பது தெரியும்; அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது குதிரையின் சொந்தத் திறமை. கடிகாரத்தைக் கொண்டே தரையை அளக்கும் இம்முறை அழகானது. ஆனால் ஒரு நாளில் ஏழெட்டுப் பந்தயங்களே நடக்கும் நம் திடலில், நடுவே மழை பெய்துவிட்டால், கழிக்க வேண்டிய வித்தியாசம் ஒரு மணிக்கொன்றாக மாறும். காலை மணற்பாதையில் நடக்கும் பயிற்சி ஓட்டத்தின் நேரங்களும் பத்திரிகையில் வருகின்றன: ‘600 மீட்டர், 46 விநாடி, இலகுவாக ஓடிற்று’, ‘1000 மீட்டர், வற்புறுத்தப்பட்டது’. மணலில் இலகுவாக ஓடியது ஈரப்புல்லில் எவ்வாறு ஓடும் என்பதற்கு அவ்வரிகளில் விடையில்லை. அது உடல்நலத்துடன் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சியம்.

ஹாங்காங்கில் வில்லியம் பென்டர் கணிப்பொறியைக் கொண்டு இவ்வாறான பல காரணங்களை ஒரே சூத்திரத்தில் இணைத்துப் பெரும் செல்வம் ஈட்டியவர். 1994இல் தம் முறையை ஒரு கட்டுரையில் அவரே விவரித்தார். அதில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. தம் சூத்திரம் மட்டும் போதவில்லை, கூட்டத்தார் பணம் வைத்த விகிதத்தையும் அதனுடன் கலந்தபோதே கணிப்பு சிறந்தது என்கிறார். திடலில் நிற்கும் ஆயிரம் கண்கள் கண்டது சூத்திரத்துக்கு அகப்படவில்லை என்பது இதன் தாத்பரியம்.

இந்த விஷயமெல்லாம் பொழுதுபோக்கு விசாரமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் இது சட்டப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. தொழிலாளர் குடும்பங்களின் அழிவைக் கண்டு மனம் நொந்த அரசு, 1974இல் குதிரைப் பந்தயத்தில் பணயம் வைப்பதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமையைச் சார்ந்தது, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று என்று முடிவு செய்தது. குதிரையின் உள்ளார்ந்த ஆற்றல், ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவை அறிவால் ஆராய்ந்து மதிப்பிடத்தக்க விஷயங்கள் என்பது தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். மேலே சொன்ன காரணகாரியங்கள் அதற்கு அரண். ஆனால் அத்தீர்ப்பு ஒரு கடமையையும் பிறப்பிக்கிறது என்பதை ஒருவரும் பேசுவதில்லை. திறமைக்கு ஆதாரம் தகவல். தரையின் அளவு, போலிவேலியின் தூரம், ஒவ்வொரு 200 மீட்டருக்குமான நேரம், வளைவில் எந்தக் குதிரை எந்த வரிசையில் ஓடிற்று என்னும் குறிப்பு ஆகியவை பணம் வைக்கிறவன் கைக்கு, அவன் படிக்கும் பாஷையில், வராவிட்டால், அவன் விளையாடுவது திறமையாட்டம் என்று எவ்வாறு சொல்ல முடியும்? குதிரைச் சொந்தக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் அது திறமை. இங்கிலீஷ் ரேஸ் புத்தகத்தில் எண்களை மட்டும் தடவிப் பார்க்கும் அம்பத்தூர் லேத் பட்டறைத் தொழிலாளிக்கு அது சூதாகவே நிற்கிறது. லேத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகையும் கண்டுபிடிக்கும் அவன், அளவுகளைக் கொடுத்தால் விளங்கிக்கொள்ளமாட்டான் என்பதற்கில்லை.

அவனுக்கு நேர்மையோடு சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. வைக்கும் பணம் முழுவதன்மீதும் விதிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. வரி நெடுநாள் 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாயிற்று. தரையையும் ஓட்டத்தையும் எத்தனை கூர்மையாகப் படித்தாலும், அப்படிப்பினால் கிடைக்கும் அநுகூலம் நூற்றுக்கு நாற்பதை ஈடுசெய்வது எளிதன்று. இந்த அறிவைச் சம்பாத்தியத்துக்கு வழியாக நான் சிபார்சு செய்யவில்லை. ஒரு பிராணியின் உடலும் மண்ணின் ஈரமும் மனிதனின் கணக்கும் சந்திக்கும் இடத்தைப் புரிந்துகொள்ளும் வித்தையாகவே அது மதிப்புடையது.

2024 செப்டம்பரில் தமிழக அரசு, 1940களில் 99 ஆண்டுகளுக்கு விடப்பட்ட குத்தகையை ரத்துசெய்து, ஏறத்தாழ 160 ஏக்கர் கிண்டி நிலத்தை எடுத்துக்கொள்ள முற்பட்டது; விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது; வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தணிக்க அந்நிலத்தில் குளங்கள் வெட்டும் பணியும் தொடங்கியது. நகரத்துக்கு நீர் தேங்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்ட 2015 டிசம்பரை மேற்குப் புறநகரில் வாழ்கிற எவரும் மறக்கமாட்டார். பந்தயம் அங்கே தொடருமா என்பதை நீதிமன்றமும் அரசும் தீர்மானிக்கட்டும். அது எவ்வாறு முடிந்தாலும், ஒரே நிலத்தில் பல பருவங்களாக எடுக்கப்பட்ட தரையளவுகளும், பந்தய நேரங்களும், குதிரைகளின் எடையும் ஸ்தானமும் சேர்ந்த குறிப்பேடுகள் ஏதேனும் ஓர் அலமாரியில் கரையானுக்கு இரையாக விடப்படலாகாது. அவற்றை மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் நிலையங்களின் தினசரி மழைக்கணக்கோடு நாள்வாரியாக இணைத்துக் கன்னிமாரா நூலகத்திலோ, குதிரை மருத்துவமும் கற்பிக்கும் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ வைத்தால், இத்தனை மில்லிமீட்டர் மழைக்குக் கிண்டியின் புல் எத்தனை சென்டிமீட்டர் இளகியது, எத்தனை நாளில் திரும்ப இறுகியது, அதற்குள் எந்தச் சுபாவமுள்ள குதிரைகள் வென்றன என்பதை முதன்முறையாக எவரும் எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும்.